கூடாரத்தைச் சுட்டவன்

மான் வேட்டைக் காலம் தொடங்கும் முதல் நாளில் விஸ்கான்சினின் வடக்கே மரம் அறுக்கும் மில்லில் ஆள் இருக்காது. முதலாளியே இருக்கமாட்டார். அங்கே பலகை இழுத்துக் கை வெடித்துப்போன டுவேன், அந்தக் காலையில் தன் எட்டு வயது மகள் மார்லியோடு பதுங்கு கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தான். கறுப்புத் துணி, நாலு பக்கமும் சின்னச் சன்னல்கள், நடுவில் ஒரு குட்டிக் கேஸ் அடுப்பு. காலடியில் கிடந்த சருகை மார்லி ஒன்று விடாமல் பொறுக்கி வெளியே போட்டிருந்தாள். நசுங்கினால் சத்தம் வருமாம்.

காரணம் இருந்தது. காடு அவள் தாய்மாமன் ரஸ்ஸுடையது. அவர் முந்தின வாரமே சொல்லிவிட்டார்.

"மச்சான், புள்ளைய கூட்டிட்டு வா, வேணாங்கல. ஆனா இவ சத்தத்துல ஒரே ஒரு மான் ஓடுச்சுன்னாலும் அதோட சரி. இந்த வருஷமும் கிடையாது, அடுத்த வருஷமும் கிடையாது."

அன்றிலிருந்து மார்லி சாப்பாட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து பேசாமல் இருந்து பழகினாள். பெற்ற அம்மாவுக்கே பயமாகிவிட்டது.

கூடாரத்தில் அவள் சிலையாகத்தான் இருந்தாள். ஆடியது டுவேன். நாற்காலி கிறீச்சிட்டது, மூக்கு ஒழுகியது, வயிறு உறுமியது.

"அப்பா, உன் வயித்த அமுக்கிப் பிடி," என்று கிசுகிசுத்தாள்.

"அதுக்கு பசிக்குது, நான் என்ன பண்ண?"

பையிலிருந்து பாலாடைக்கட்டி உருண்டைகளை எடுத்தான். நேற்றுப் பண்ணையில் வாங்கியது. புதுசு என்பதால் பல்லில் பட்டதும் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சென்றது. எல்லா வீட்டிலும் தினமும் தின்கிற பண்டம், அதன் சத்தத்தை யார் யோசிக்கிறார்கள்? டுவேன் மென்றான். கீச். மார்லி முறைத்தாள். அவன் இன்னும் மெதுவாக மென்றான். கீ...ச். அது இன்னும் மோசம். இருவருக்கும் தோள் குலுங்கியது.

"போதும்பா, எனக்கு சிரிப்பு வருது. மாமா என்னைத் தொரத்திருவாரு."

"சரி, சப்பித் தின்னு. கடிக்காத."

அவள் ஒரு உருண்டையை வாயில் போட்ட நேரம் பார்த்து மான் வந்தது. கிடா. விரிந்த கொம்பு. பனி மூடிய புல்லில் தலை குனிந்து, சந்தைக்கு வந்தவன் போல நிதானமாக நடந்தது. அடித்தால் குளிர்காலம் முழுக்க வீட்டில் கறி.

மார்லி அசையவில்லை. உருண்டை ஒரு கன்னத்தில் பந்தாகப் புடைத்திருக்க, காதடைப்பானைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டாள். டுவேன் துப்பாக்கியைத் தாங்குகோலில் வைத்துத் தொலைநோக்கி வழியே பார்த்தான். மானின் தோள் கண்ணாடி நிறையத் தெரிந்தது. மூச்சை நிறுத்தினான். சுட்டான்.

கூடாரம் உப்பி அடங்கியது. மருந்து நாற்றம். கறுப்புப் பஞ்சு மெல்ல மிதந்து வந்து அவன் மூக்கில் உட்கார்ந்தது. வெளியே கிடா வெள்ளை வாலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போயே போய்விட்டது.

சன்னலுக்குக் கீழே, துணியில், விரல் நுழைகிற ஓட்டை.

துப்பாக்கியில் தொலைநோக்கி குழலுக்கு மேலே இருக்கிறது. கண் சன்னல் வழியே போனது, குண்டு சுவர் வழியே போனது.

மார்லி காதடைப்பானைக் கழற்றினாள். ஓட்டையைப் பார்த்தாள். அப்பனைப் பார்த்தாள். இத்தனை நேரம் கன்னத்தில் காத்து வைத்திருந்த உருண்டையைக் கடித்தாள்.

கீச்.

அவ்வளவுதான். டுவேன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்தான். அவள் அவன் வயிற்றின் மேல் விழுந்தாள். "கூடாரத்தக் கொன்னுட்ட அப்பா." "வாய மூடு, எனக்கு மூச்சு முட்டுது." "தோல உரிக்கணுமா?" கண்ணில் நீர் வழிய, அடுப்பைக் காலால் ஒதுக்கி அணைத்துவிட்டு மறுபடி சிரித்தான்.

வாசல் ஜிப் திறந்தது. கொஞ்சம் தள்ளி மரத்தில் கட்டிய மேடையில் மானுக்குக் காத்திருந்த ரஸ் இறங்கி வந்திருந்தார்.

"மான் எங்க?"

சிரிப்பு நின்றது. மார்லி எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஓடிருச்சு," என்றான் டுவேன்.

"சொன்னேன்ல. இவ சிரிப்பு அங்க வரைக்கும் கேட்டுச்சு."

அவள் கண் ஓட்டைப் பக்கம் போனது. ஆனால் அப்பனைக் காட்டிக்கொடுக்கவில்லை. டுவேன் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினான்.

"சிரிச்சது அப்புறம் மச்சான். மான் இருந்தவரைக்கும் இவ மூச்சுகூட விடல. சுட்டது நான். சுவத்த சுட்டேன்."

ரஸ் ஓட்டையில் விரலை விட்டார். வெளியே போய் மறுபக்கத்திலிருந்து விட்டார். சன்னல் வழியே அவர் நிற்பது தெரிந்தது, பிறகு குந்தி உட்காருவது தெரிந்தது, பிறகு குழந்தை மாதிரி விக்கி விக்கிச் சிரிப்பது கேட்டது.

குறி தவறினவனின் சட்டைப் பின்வாலை அறுத்து வேட்டைக் கேபின் சுவரில் ஆணியடிப்பது அங்கே வழக்கம்; டுவேன் கோட்டைத் திறந்தது அதற்குத்தான். ரஸ் கத்தியை விரித்தார். பின் யோசித்து, பிடியை மார்லியிடம் நீட்டினார்.

"நீயே அறு. ஒழுங்கா உக்காந்தவ நீதான். நாளைக்கும் வா, வருஷாவருஷம் வா. இவன வேணா யோசிப்போம்."

அவள் கட்டம்போட்ட சட்டையை, முதுகு சில்லிடுமளவு தாராளமாக அறுத்தாள். ஓட்டை வழியே குளிர்காற்று வீசியது. அறுத்த துண்டைச் சுருட்டி அந்த ஓட்டையில் திணித்தாள்.

"சாயங்காலம் எடுத்து ஆணியடிச்சுக்குங்க மாமா. இப்ப ரெண்டு பேரும் வாய மூடிட்டு உக்காருங்க."

உட்கார்ந்தார்கள்.