ஆறாத எஞ்சின்

காரின் பானட் மேல் கையை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். கை சுடவில்லை. ஆனால் சூடு இருந்தது. யாரோ சற்று முன் எழுந்துபோன படுக்கையில் இருக்குமே, அந்த மாதிரிச் சூடு. வெயில் இன்னும் ஷெட்டின் தகரக் கூரையைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை, ஆகையால் பழியைத் தூக்கிச் சூரியன் மேல் போடவும் வழியில்லை.

"சூடா இருக்கே" என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டாள்.

தம்பியிடம் கண்ணைக் காட்டியிருந்தால் போதும். ஆனால் அவளுடைய தொழில் அப்படி. டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுக்கிறவள். நினைத்ததை அந்த நொடியே சொல்லாவிட்டால் எதிரில் ஒரு கம்பமோ கழுதையோ வந்து நிற்கும். அவளிடம் படித்தவர்கள் எல்லோரும் அவளை பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கைக்காரரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நாள் முழுக்க அதன் மேல் காலை வைத்துக்கொண்டு, இரண்டாவது கியரில் மாட்டுவண்டி வேகத்தில், அடுத்தவர்களின் நடுங்கும் கைகளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பதுதான் அவளுடைய பிழைப்பு. ஊரில் பாதிப்பேர் அவளால்தான் கார் ஓட்டுகிறார்கள். அவள் மட்டும் வீட்டுக்கு பஸ்ஸில் போகிறாள். தன் கையில் ஸ்டியரிங், தன் காலில் ஆக்சிலரேட்டர், பக்கத்து இருக்கை காலி, எதிரே நீளமான ரோடு. இது போதும் என்று வெகுநாளாக ஒரு ஆசை. ஆசைதான் வெட்கமறியாதே, அதுவும் சாதாரணக் காரின் மேல் விழாமல் இந்த மாதிரிக் காரின் மேல் போய் விழுந்தது. பார்வைக்குச் சாதுவான சின்னக் கார். உள்ளே இருப்பது பந்தயத்துக்குப் போகிற எஞ்சின். புதிதாக வாங்க அவள் இன்னும் இரண்டு பிறவி பிரேக் மிதிக்க வேண்டும். இதுவோ மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தொடப்போகிற கிழம், அதனால்தான் கைக்கு எட்டியது.

தம்பி மெக்கானிக். "தானம் குடுத்த மாடா இருந்தா பல்லைப் பிடிச்சுப் பாக்கக் கூடாதுக்கா. இது காசு குடுத்து வாங்கற மாடு" என்று சொல்லிக்கொண்டே கூட வந்திருந்தான். பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு அவனிடம் ஒரு சட்டம் உண்டு. நாம் போய்ச் சேரும்வரை எஞ்சினை யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த எஞ்சின் காலையில் முதல் இருமல் இருமும்போதுதான் உண்மை பேசும், சூடேறிவிட்டால் எல்லா எஞ்சினும் நல்லவன் வேஷம் போடும் என்பான். அதை அவள் போனிலேயே சொல்லியிருந்தாள். எதிர்முனையில் பேசியது விற்கிறவரின் மனைவி. "மூணு மாசமா அதை யாரும் தொடவே இல்லைங்க. பேட்டரிக்காக மெக்கானிக் வந்து ஸ்டார்ட் பண்ணிட்டுப் போவாரு. அதுவும் போன வாரம்தான்" என்று பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னாள். அவள் கணக்கு டீச்சர்.

இப்போது அந்த டீச்சர் ஷெட்டின் தூணருகே நின்றிருந்தாள். கணவர் ஒரு துணியை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பளபளப்பாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மருந்துக் கம்பெனி ரெப்பாக ஊர் ஊராகச் சுற்றியவர். மூன்று லட்சம் கிலோமீட்டரும் அப்படிச் சேர்ந்ததுதான்.

"கிளம்பலாம்க்கா" என்றான் தம்பி, அவர்களுக்கும் கேட்கட்டும் என்றே. "எஞ்சினைச் சூடு பண்ணி வெச்சிருக்காங்கன்னா உள்ள ஏதோ சத்தம் இருக்கு. கத்தரிக்கா முத்தினா கடைக்கு வந்துதானே ஆகணும். ஒரு பொய் சொன்ன எடத்துல ஒன்பது பொய் ஒளிஞ்சிருக்கும்."

டீச்சர் தூணை விட்டு நகர்ந்தாள். மெதுவாக வந்து, இவள் கை வைத்த அதே இடத்தில் தன் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவளின் முகம் அது. அந்த முகத்தைப் பார்த்தவுடனே பிரேக் அக்காவுக்குத் தெரிந்துவிட்டது, இந்தப் பொய் தங்களுக்காகச் சொல்லப்பட்டதில்லை என்று.

"சாவி என் பையில இருக்கு" என்றாள் டீச்சர் கணவரிடம். "இன்னொண்ணு தொலஞ்சு போச்சுன்னு சொன்னீங்க."

அவர் துணியை நான்காக மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"நான் குளிக்கப் போயிருந்தேனே, அப்பவா?"

"பெட்ரோல் பங்க் வரைக்கும்தாம்மா."

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் கூச்சல் போட்டே பழகிய தொண்டைக்கு மெல்லப் பேசுவதுதான் கஷ்டம் போலும், வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. வந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "மறைக்க என்ன இருக்கு. இவருக்கு வண்டி ஓட்டறப்ப வலிப்பு வந்துச்சு. எங்க பொண்ணு பக்கத்துல இருந்தா. அவதான் ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு இழுத்து, பாலத்துச் செவுத்துல உரசி நிறுத்தினா. இனிமே ஸ்டியரிங்கையே தொடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கார் கண்ணு முன்னாடி நின்னா இவர் கை சும்மா இருக்காது, அதனாலதான் விக்கறோம். எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லைங்க. நீங்க எடுத்துக்கலேன்னா..." என்று நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எடுத்துக்கோங்க. அவ்வளவுதான்."

தம்பி தரையைப் பார்த்தான். அடுத்தவர் வீட்டு அழுகைக்கு நடுவே ஸ்பானரோடு நிற்கிற சங்கடம் அவனுக்கு. தப்பிக்க ஒரு வழி கண்டுபிடித்தான். "ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருக்கா. வண்டி நின்ன எடத்துல ஆயில் சொட்டியிருக்கான்னு நான் இங்க பாக்கறேன்."

"நானும் போறேன்" என்றார் ரெப். "எங்க எப்படி மிதிக்கணும்னு சொல்லணும்ல."

டீச்சர் பையிலிருந்து சாவியை எடுத்து, அவர் நீட்டிய கையைத் தாண்டி, பிரேக் அக்காவிடம் கொடுத்தாள். "அவர் பக்கத்துல உக்காரட்டும். ஆனா..."

"தெரியுதுங்க."

ஸ்டார்ட் ஆனதும் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. தெருமுனை வரை அவள் பயிற்சிக் காரைப் போலவே ஊர்ந்தாள், பழக்க தோஷம். கண்ணாடியைப் பார், சிக்னல் போடு, மறுபடி கண்ணாடியைப் பார் என்று மனசுக்குள் தனக்கே பாடம் எடுத்துக்கொண்டாள். கிளட்ச் கல்லு மாதிரி கனத்தது. இருக்கையின் தோல் ஓரத்தில் கிழிந்து, யாரோ அக்கறையாகத் தைத்திருந்தார்கள். கியர் குமிழில் எண்கள் எல்லாம் அழிந்து வழவழவென்றிருந்தது. அத்தனை காலம் ஒருவர் உள்ளங்கை தேய்த்த தேய்ப்பு.

புறநகர்ச் சாலை காலியாக இருந்தது. "இப்ப மிதிங்க" என்றார் அவர். "பயப்படாதீங்க. ஒரு நொடி யோசிக்கும், அப்புறம் போகும்."

மிதித்தாள். ஒரு நொடி யோசித்தது. அப்புறம் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளினாற்போல் போனது. ரோட்டோர மரங்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு அவளைக் கேட்காமலே வெளியே வந்தது. இத்தனை வருஷமும் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிச் சொல்லியே தேய்ந்த வாய் இப்போது "ஐயோ, ஐயோ" என்று குழந்தை மாதிரிக் கூவியது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பக்கத்தில் அவரும் சிரித்தார். வளைவுக்கு முன்னால் "மூணாவது போதும்" என்றார், அவள் மூன்றாவதுக்கு மாற்ற, கார் ரோட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பியது.

வேகத்தைக் குறைத்தபோதுதான் அவருடைய காலைப் பார்த்தாள். அவர் பாதம் வெறும் தரைவிரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் பிரேக் பிடிக்கும்போது அதுவும் பிடித்தது, அவள் விட்டால் அதுவும் விட்டது. இப்படி ஒரு காலை அவளுக்கு நன்றாகத் தெரியும், தினமும் தன் காலணிக்குள்ளேயே பார்க்கிறாள். ஆனால் அவள் காலுக்குக் கீழே நிஜமாகவே ஒரு பிரேக் இருந்தது.

பேச்சை மாற்ற எண்ணிச் சொன்னாள்: "டேங்க் ஃபுல்லா இருக்கு! விக்கறவங்க யாரும் இப்படி நிரப்பிக் குடுக்க மாட்டாங்களே. பங்க் வரைக்கும் தள்ளிட்டுப் போற மாதிரிதான் குடுப்பாங்க."

"அதுக்குத்தான் காலைல போனேன்" என்றார். "காலி வயித்தோட அனுப்ப மனசு வரலைங்க."

திட்டவும் முடியவில்லை, பாராட்டவும் முடியவில்லை. ஒரு டேங்க் பெட்ரோலுக்காகவா உயிரைப் பணயம் வைப்பார்கள்? பெட்ரோலுக்காக இல்லை என்பது அவருக்கும் தெரியும், இவளுக்கும் தெரியும். அது ஒரு சாக்கு. சாக்கு கிடைத்தால் இவள்கூடப் போயிருப்பாள்.

திரும்பிப் போக அவள் காரை ஓரம் கட்டியபோது அவர் கேட்டார். நேராகப் பார்த்துக் கேட்கவில்லை, கதவுக் கண்ணாடியிடம் கேட்டார்.

"ஒரே ஒரு தடவை. அந்த வளைவு வரைக்கும். நீங்கதான் பக்கத்துல இருக்கீங்களே, உங்க தொழிலே அதுதானே. ரெண்டாவது கியரைத் தாண்ட மாட்டேன்."

அவள் தினமும் இடம் மாறி உட்கார்கிறவள். கை நடுங்குகிறவர்கள், இடது வலது தெரியாதவர்கள், பிரேக் என்றால் ஆக்சிலரேட்டரை மிதிக்கிறவர்கள், எத்தனை பேரை நம்பிப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ரோடும் காலிதான். சரி என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. இந்த மனிதருக்கு அந்த ஒரு வளைவைக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும் என்றுதான் தோன்றியது. ஆனால் அந்தப் பாலத்துச் சுவர் நினைவுக்கு வந்தது, ஹேண்ட் பிரேக்கை இழுத்த அந்த மகளும்.

"என் வண்டியில என் காலடியில ஒரு பிரேக் இருக்குங்க. இதுல இல்லை" என்றாள். "முடியாதுங்க. மன்னிச்சுக்கோங்க."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவரோ நீளமாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் தளர்ந்து கீழே இறங்கின.

"நல்லவேளை" என்றார். "நீங்க சரின்னு சொல்லியிருந்தா நான் ஓட்டியிருப்பேன்."

பிறகு மீதியையும் சொன்னார். பங்க்கிலிருந்து திரும்பும்போது வயர் கருகுகிற வாசனை வந்ததாம். அந்த வாசனை வந்தால் வலிப்பு வரும். அவசரமாக ஓரம் கட்டியது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கண் திறந்தபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, காரின் மூக்கு ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தது, வாயோரம் ஈரம். "எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன்னு தெரியல. நியூட்ரல்ல போட்டது நானா, இல்ல கை தட்டி அதுவா விழுந்துச்சான்னும் தெரியல. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க போற ரோடு அது."

"டீச்சர்கிட்ட சொன்னீங்களா?"

"ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு நின்னேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சொன்னா இனிமே என்னை பாத்ரூம்லகூடத் தனியா விட மாட்டா. பயந்தே செத்துருவா. சொல்லலேன்னா... மாத்திரை வேலை செய்யலேன்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்?" மருந்து விற்றே வாழ்ந்த மனிதர். பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். "இதையும் நீங்களே வெச்சுக்கோங்க. நீங்க போனப்புறம் மெதுவா அவகிட்ட பேசிக்கறேன்."

மெதுவா என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிப் பரீட்சைக்கு வராமலே போன மாணவர்கள் எத்தனை பேர்!

"வண்டியை நான் எடுத்துக்கறேன்" என்றாள். "தம்பி என்ன சொன்னாலும் சரி. ஆனா இந்தச் சாவியை உங்க கையால வாங்க மாட்டேன். டீச்சர் கையால குடுக்கச் சொல்லுங்க. எதுக்காக அவங்க கைக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சு குடுக்கட்டும்."

அவர் வழி நெடுக அந்தச் சாவியைக் கைக்குள் இறுக்கி வைத்திருந்தார். பாதம் மட்டும் தரைவிரிப்பின் மேல் சும்மா கிடந்தது.

வாசலில் டீச்சர் வழியைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவள் உள்ளே போகவேயில்லை போலிருந்தது. கார் திரும்பி வருவதைப் பார்த்ததும் முதலில் ஸ்டியரிங்கில் யார் என்றுதான் பார்த்தாள். அப்புறம்தான் மூச்சு விட்டாள். ரெப் கதவைத் திறந்தார், இறங்காமல் கொஞ்சம் உட்கார்ந்திருந்தார்.

"போங்க" என்றாள் இவள், மாணவர்களிடம் சொல்கிற குரலில். "கிளட்சை விடுங்க. மெதுவா விட்டா போதும், நகர்ந்துடும்."

இறங்கிப் போனார். டீச்சரின் முன்னால் நின்று கையை விரித்தார். அவர் வாய் அசைவது கண்ணாடி வழியே தெரிந்தது. டீச்சர் சாவியை எடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தவள், திடீரென்று அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவள் வாய் திறந்தது, முகம் கோணியது.

ஷெட்டுக்குள்ளிருந்து தம்பி கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தான். "ஒரு சொட்டுக்கூட ஆயில் இல்லக்கா! வண்டி தங்கம்!" பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டினான். "என்னக்கா, எஞ்சினை ஆஃப் பண்ணு. பெட்ரோல் என்ன தண்ணியா?"

அவள் சாவியிலிருந்து கையை எடுத்தாள். ஆஃப் பண்ணினால் அங்கே நடப்பது தனக்கும் கேட்கும், தம்பிக்கும் கேட்கும், மதில்மேல் எட்டிப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். நியூட்ரலில் இருக்கிறதா என்று ஒருமுறை அசைத்துப் பார்த்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினாள். ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு ஏதோ கத்தினான். எதிரே வாசற்படியில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள், டீச்சரின் தோள்கள் குலுங்கின. இவள் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.