தலைப்பிள்ளையின் ஊர்

ஆரல்வாய்மொழிச் சுங்கச் சவுக்கையில் சேவகன் மூட்டையை அவிழ்க்கச் சொன்னபோது ஞானசிகாமணிக்கு ஒரு பயமும் இல்லை. உள்ளே ஒரு மாற்று வேட்டியும், வாழையிலையில் பொதிந்த அவித்த மரச்சீனிக் கிழங்கும்தான் இருந்தன. சேவகன் வேட்டியை உதறிப் பார்த்தான். கணவாய்க் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. புகையிலை இல்லை என்றானதும் அவனுக்குச் சப்பென்று போயிற்று. சும்மா விடக் கூடாதே என்று ஒரு கேள்வி கேட்டான்.

"ரெண்டு பேருக்கும் ஊரு எதாக்கும்?"

ஞானசிகாமணி வாயைத் திறந்தான். திறந்த வாய்க்குள் காற்றுதான் போயிற்று. பக்கத்தில் நின்ற அவன் அப்பா ஏசுவடியான், மேல்துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "புளியடிவிளை. திருவட்டாறுக்குப் பக்கம்" என்றார்.

"ரெண்டு பேருக்குமா?"

"அப்பனுக்கும் மவனுக்கும் வேற வேற ஊரா இருக்கும்?"

சேவகன் சிரித்துவிட்டுப் போகச் சொன்னான். அப்பா சிரிக்கவில்லை. ஞானசிகாமணி மூட்டையைக் கட்ட வெகுநேரம் எடுத்துக்கொண்டான். வேறு வேறு ஊர் என்று சொல்லி எழுதி வாங்கத்தான் இரண்டு பேரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

அவன் இலங்கையில் அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கூலி. பனையேறிப் பிழைக்க முடியாமல் இளவட்டத்தில் கப்பலேறினவன். மீசை நரைக்கத் தொடங்குகிற வயதில் அங்கேதான் எழுத்துப் படித்தான்; தன் பெயரைத் தப்பில்லாமல் எழுதுவான், மெதுவாக. இப்போது தேயிலை விலை விழுந்துபோய், தோட்டம் தோட்டமாக ஆட்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். முந்தின நாள் வரை கொழுந்து பறித்தவர்கள் மறுநாள் சட்டிபானையோடு ரயிலடியில் நிற்கிறார்கள். இந்த நாட்டிலேயே நிலையாகக் குடியிருக்கிறேன் என்று ஒப்புப் போட்டுக் கொடுக்கிறவர்களுக்கு ஒரு கடுதாசி உண்டு, அது கையிலிருந்தால் சுலபத்தில் அசைக்க மாட்டார்கள் என்று கூலிகள் குடியிருக்கும் லயங்களில் பேச்சு. ஆனால் அப்படி ஒப்புப் போட்டவனுக்கு ஊர் திரும்ப சர்க்கார் டிக்கெட் கிடையாது. பலரும் அதற்குப் பயந்து ஒதுங்கினார்கள். ஞானசிகாமணி பயந்துகொண்டே கணக்கப்பிள்ளையிடம் போய் நின்றான்.

கணக்கப்பிள்ளை, அவன் கப்பலேறுமுன் மண்டபம் கேம்பில் சொல்லி எழுதிய பதிவைப் புரட்டிப் பார்த்தார். "திருவிதாங்கூர்னு இருக்கேய்யா. சமஸ்தானத்து ஆளுக்கு என்ன வழின்னு எனக்குச் சரியாத் தெரியலை. வெள்ளைக்காரன் எல்லைக்குள்ளே பிறந்தவன்னா மனுப் போட்டுப் பார்க்கலாம். நீ பிறந்தது எங்கே?"

"பொறந்தது அம்மைக்க வீட்டிலே, பாண்டியிலே. பணகுடிக்குக் கிழக்க, புதுக்கிணறு."

கணக்கப்பிள்ளை பேனாவைக் கீழே வைத்தார். "அது திருநெல்வேலி ஜில்லா. ஏன்யா அங்கேயே சொல்லலை?"

"அவிய ஊரைத்தானே கேட்டாவ."

அவன் பொய் சொல்லவில்லை. தலைப்பிள்ளையைப் பெற பெண் தாய்வீட்டுக்குப் போவாள். நாள் கழிந்ததும் பிள்ளையைத் துணியில் பொதிந்து அப்பன் ஊருக்குக் கொண்டுவருவார்கள். பொக்கிள்கொடி விழுந்த இடத்தை யாரும் ஊர் என்று சொல்வதில்லை. ஊர் என்றால் அப்பன் ஊர். மண்டபத்தில் கேட்டவனுக்கு அது தெரியவில்லை, பதில் சொன்னவனுக்கு வேறு ஒன்று தெரியவில்லை. அவன் புளியடிவிளைக்கு வந்து சொன்னபோது, அப்பன் வீட்டிலேயே பிறந்த தம்பி ஜெயசிங் இதைக் கேட்டுவிட்டு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான். "அண்ணன் வெள்ளைக்காரன், நான் மகாராஜாவுக்க ஆளு. ஒரே கஞ்சிச் சட்டியிலே ரெண்டு ராச்சியம் பாத்துக்கிடுங்க."

ஞானசிகாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனைவி நேசபாய் அதே வழக்கத்துக்காகத்தான் கடல் கடந்து வந்திருந்தாள். தலைப்பிரசவம். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வருவதற்குள் குடலே வெளியே வந்துவிடும்போலக் கக்கினாள். இப்போது தொடுவெட்டியில் தாய்வீட்டில், நிறைமாதத்துக்கு முந்தின மாதத்தில் இருக்கிறாள். போன ஞாயிறு கோயில் முடிந்து அவளைப் பார்க்கப் போனபோது, முறத்தில் பயறு பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, ஒப்பு போடுகதா இருந்தா என்னைய இந்த வாரமே கூட்டிட்டுப் போயிரும். அங்க போய்ப் பெத்துக்கிடுகேன்."

"லயத்திலே உனக்கு யாருட்டி இருக்கா? அம்மை இல்ல, மயினி இல்ல."

"அங்க பெறுகவளுவோ எல்லாம் மரத்திலேருந்தா பறிக்கா? இஞ்ச பெத்தா இதுக்கும் உங்க கதைதான். நாளைக்கு இதுவும் ஒரு மாமன் வீட்டைத் தேடி ஒப்புக்கு அலையும். போடல்லைன்னா சொல்லியிரும். நான் இஞ்சயே கிடக்கேன். ரெண்டிலே ஒண்ணு சொல்லியிரும், இப்பிடி முற்றத்துக்கும் பொழக்கடைக்கும் நடக்காதேயும்."

அவன் நடந்துகொண்டுதான் இருந்தான். வந்த நாளிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அங்கே இருக்கும்போது இந்த விளையும் பனையும் கனவில் வந்தன. இங்கே வந்ததும் காலையில் வேலைக்கு எழுப்பும் தப்படிச் சத்தம் கேட்கவில்லையே என்று திடுக்கிட்டு எழுந்தான். புளியடிவிளையில் அவர்களுக்கென்று ஒரு முழ மண் கிடையாது. ஏறின பனையும் பாட்டத்துக்கு எடுத்தது. தோட்டத்திலும் சொந்தமென்று ஒன்றுமில்லை. ஆனால் அங்கே கடுதாசி தருகிறோம் என்றாவது ஒருவன் சொல்கிறான். நினைத்தால் அதுவும் சரியென்று படும். அப்பா பனையிலிருந்து இறங்கி, மூச்சு வாங்க அடிமரத்தில் சாய்ந்து நிற்பதைப் பார்த்தால் எல்லாம் தப்பென்று படும்.

புதுக்கிணற்றில் பிறந்ததற்கு அந்த ஊர் முன்சீப் எழுதிக் கொடுக்க வேண்டும், தெரிந்த பெரியவர்கள் சாட்சி நிற்க வேண்டும். அப்பாவிடம் இதைக் கேட்க அவனுக்கு நாக்கு எழவில்லை. அவர் அந்த ஊர் எல்லையை மிதிப்பதில்லை. கல்யாணமான புதிதில் மாமனார் ஒரு விருந்தில், படித்த மூத்த மருமகனை முதல் பந்தியில் உட்காரவைத்துவிட்டு, பனையேறி மருமகனை அடுத்த பந்திக்கு இருக்கச் சொன்னாராம். அன்றைக்கு எழுந்து வந்தவர்தான். பிள்ளை பிறந்ததற்கும் போகவில்லை. அழைத்துவரக்கூட ஆள்தான் விட்டார். 'பெத்த பிள்ளைய எட்டிப் பாக்காத மனுசன்' என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒருவழியாகக் கேட்டுவிட்டான்; அப்பா பனையேறப் போய்விட்டார். ஆனால் இன்று விடியும்போது சவரம் செய்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, படலைத் திறந்து நின்றார். ஆரல்வாய்மொழி வரை பஸ்ஸில் வந்தார்கள்.

கணவாய் தாண்டியதும் பூமி சிவந்து போயிற்று. உடைமரங்கள் எல்லாம் காற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. காற்று முதுகைத் தள்ளியதால் இரண்டு பேரும் நினைத்ததைவிட வேகமாக நடந்தார்கள்.

"ஒப்பு போட்டா திரும்பி வர டிக்கெட்டு கிடையாதாமே?" என்றார் அப்பா.

"கைக்காசிலே வரலாம்."

"வரலாம்."

வெகுதூரம் நடந்தார்கள். பிறகு, "அங்க கோயிலோட சேந்து கல்லறைத்தோட்டம் உண்டுமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இப்ப என்னத்துக்கு அப்பா?"

"கேட்டேன்."

புதுக்கிணறு சாவடியில் முன்சீப் இருந்தார். ஏற்கனவே ஆள் சொல்லி அனுப்பியிருந்ததால் தாய்மாமன் பாக்கியமுத்தும் வந்து காத்திருந்தார். அப்பாவைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அத்தானுக்கு இப்பதான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"காத்து தள்ளிக்கிட்டு வந்துட்டு, மாப்ளே."

முன்சீப் நல்ல மனுஷர்தான், ஆனால் அவசரப்படாதவர். அந்த வருஷத்து ஜனனப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதென்று சொல்லி, மிச்சம் கிடந்த அட்டையையும் எடுத்துக் காட்டினார். பாக்கியமுத்து, தான் அப்போது ஆடு மேய்க்கிற பயல் என்றும், அக்காளுக்குப் பிள்ளை பிறந்ததென்று ஆட்கள் சொல்லக் கேட்டதாகவும் சொன்னார். அவரிடம் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டு முன்சீப் உதட்டைப் பிதுக்கினார்.

"கேட்டவர் இருக்கீரு. பார்த்த ஆளு வேணும்லா. பொம்பளையாளுவ எல்லாம் செத்துப் போயாச்சு. அப்பன்காரரு அப்பம் இங்க வரவே இல்லைன்னுல்லா ஊருல சொல்லுதாவ."

"வந்தேன்" என்றார் ஏசுவடியான்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, விற்ற மாட்டின் அடையாளம் சொல்கிறவரைப்போலச் சொன்னார். வலி கண்டுவிட்டதென்று வழிப்போக்கன் ஒருவன் சொல்லி, பாளை சீவின கையோடு புறப்பட்டு வந்ததை. வந்தும் வீட்டுக்குள் போக மனசு இடம் கொடுக்காமல் தொழுவத்துக்குப் பின்னால் நின்றதை. பொழுது சாயும் நேரம் பிள்ளை அழுத சத்தம் கேட்டதை. பிள்ளையெடுத்த கிழவி குப்பை கொட்ட அந்தப் பக்கம் வந்தவள், அவரைக் கண்டு பயந்து, பிறகு உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டியதை. "ஆம்பிளப் பிள்ள. இடது காதுக்குப் பின்னால மறு இருந்துது. ஆருட்டயும் சொல்லாதேன்னேன். அவ சொல்லல்ல."

முன்சீப் எழுந்து வந்து ஞானசிகாமணியின் காதை மடக்கிப் பார்த்தார். அவனுக்கு அப்படியொரு மறு இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

"அம்மையிட்டயாவது சொல்லியிருக்கலாமே" என்றான்.

"சொல்லியிருக்கலாம்" என்றார் அப்பா.

முன்சீப் எழுதினார். எழுதியதை உரக்க வாசித்துக் காட்டினார். 'புதுக்கிணறு கிராமத்தில் பிறந்த ஞானசிகாமணி' என்ற இடம் வந்தபோது அப்பா தலையை ஒருமுறை ஆட்டினார். பிறகு முன்சீப் அவர் கையைப் பிடித்து, பெருவிரலில் மை தடவி, கடுதாசியின் ஓரத்தில் வைத்து உருட்டி எடுத்தார். ஒரு கறுப்புப் பொட்டு விழுந்திருந்தது. முன்சீப் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி தடவி மறுபடி வைத்தார். மறுபடியும் பொட்டு. பாக்கியமுத்துவின் ரேகை பக்கத்தில் வயலில் உழுத சால்போல வரிவரியாக இருந்தது.

"ரேகையே இல்லையே, வே. வெறும் மையில்லா இருக்கு. இதை நான் எழுதி அனுப்பினா மேல உள்ளவன் தூக்கி வீசிருவான்."

அப்பா தன் கையை அதுவரை பார்க்காதவர்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனஞ்செதில் தேய்த்துத் தேய்த்துக் காய்த்து, விரல்நுனி எல்லாம் கொம்புபோல மழுங்கியிருந்தது. இடது பெருவிரலும் அப்படியே.

ஞானசிகாமணி அந்தக் கையைப் பார்த்தான். போதும், எழுந்திரும், போவோம் என்று சொல்லிவிடலாம். யார்மேலும் குற்றமில்லாமல் காரியம் முடிந்துபோகும்; நேசபாயிடம் ரேகை விழவில்லை என்று சொன்னால் அவளும் முறத்தைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். பிள்ளை தொடுவெட்டியில் பிறக்கும். தோட்டத்தில் இருக்கச் சொல்கிறவரைக்கும் இருந்து, அனுப்புகிற அன்றைக்கு சர்க்கார் டிக்கெட்டில் வந்து சேரலாம். அந்த நினைப்பில் ஒரு நிமிஷம் உடம்பு லேசானது. அடுத்த நிமிஷமே ரயிலடியில் சட்டிபானையோடு நின்ற முகங்கள் வந்தன. அவன் எழுந்து சாவடி வாசல்வரை போனான். திரும்பி வந்தான்.

"அப்பா, உமக்கு வேண்டாம்னு இருந்தா…"

"சும்மா இரிலே" என்றார் அவர். பிறகு மைத்துனரைப் பார்த்து, "மாப்ளே, ஒரு சட்டியிலே வெள்ளம் கொண்டா. சூடா இருந்தா கொள்ளாம். துணி அலக்கினா பொம்பிளைகளுக்கு விரலு சுருங்கி வருமில்லா" என்றார்.

பாக்கியமுத்து வீட்டுக்கு ஓடினார். முன்சீப் சாப்பிட்டு வருகிறேன் என்று குடையை எடுத்துக்கொண்டு போனார். வெந்நீர் வந்தது. மண்சட்டியை இரண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பெருவிரலை உள்ளே விட்டதும் சூடு தாங்காமல் முகம் சுளித்தது, கையை எடுக்கவில்லை. விரலிலிருந்த மை மெல்லக் கழன்று நூலாகச் சுற்றி நீர் முழுக்கப் பரவிற்று. ஞானசிகாமணி காற்று அடிக்கிற பக்கமாகப் போய் உட்கார்ந்து, ஆவி அடங்கிப் போகாமல் முதுகைக் கொடுத்து மறைத்தான். அப்பா விரலை எடுத்து, வேட்டி நுனியில் ஒற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மறுபடியும் சட்டிக்குள் விட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஊறட்டு."