மூடிய கோடு

கோட்டில் விட்ட அந்த இடைவெளியை நான் மூடியிருக்கக் கூடாது என்று ஜோவிதா நினைத்தாள். ஹாலில் சோபாவுக்கு மேலே மாட்டியிருந்த ஓவியத்தில் நீலம் இன்னொரு படி ஏறியிருந்தது. மாலைக்குள் செம்பாக்கம் ஏரியும் அந்த அளவுக்கு ஏறிவிடும். மழை நின்று வெகுநாளாகியும் ஏரி ஏறிக்கொண்டுதான் இருந்தது. தெருக்காரர்கள் பால் பாக்கெட் வாங்கப் போகிற வழியில் அவள் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்து, அதற்கேற்ப ஸ்கூட்டரை மேட்டில் நிறுத்திக்கொண்டார்கள்.

காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் ஓவியம் கற்பிக்கும் ஜோவிதா, ஓராண்டு மெக்சிகோவில் இருந்துவிட்டு வந்தவள். அங்கே மலையூர் ஒன்றில் ஒரு பூர்வகுடிப் பெண்ணின் வீட்டில் தங்கி, கள்ளியில் வளரும் பூச்சியை அரைத்துச் சிவப்பு எடுக்கவும், படிப்படியாக ஏறிச் சுருளும் கோட்டைக் கம்பளத்தில் நெய்யவும் கற்றாள். கோட்டை ஓரிடத்தில் திறந்தே விடவேண்டும், உள்ளே இருப்பது போக வழி வேண்டும் என்பது அந்தப் பெண் வீட்டு வழக்கம். காரணம் கேட்டபோது அவள் சிரித்தாள். ஊர் திரும்பிய ஜோவிதா, தான் படித்த ஐரோப்பிய நவீன பாணியில் ஏரியைச் சிதறிய கண்ணாடித் துண்டுகளாகத் தீட்டி, சுற்றிலும் அந்தச் சிவப்புப் படிக்கோட்டை ஓட்டினாள். கிழக்கு மூலையில் ஒரு விரற்கடை திறந்து விட்டாள்.

கோவளத்து மீன் கொண்டுவரும் செல்லியம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஓவியத்தை உற்றுப் பார்த்தாள். ஏரிக்குக் கிழக்கே, கரைக்குக் கீழே உள்ள வரிசை வீடுகளில் இருப்பவள்.

“இன்னா கண்ணு, ஏரின்ற, தண்ணியே காணோம். ஒடஞ்ச பாட்டிலாட்டம் கீது.”

“மாடர்ன் ஆர்ட் அக்கா.”

“இன்னாவோ. கோலத்துல கோட்ட இப்டி அந்தரத்துல வுடுவாங்களா? வூட்டுக்கு ஆவாது. சேத்துவுடு.”

ஜோவிதா வீட்டில் கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் கோலம். ஆனாலும் சேராத கோடு சிறுவயதிலிருந்தே அவளை உறுத்தும். மலையூரில் கேட்டது நினைவிருந்தும் கை போய் மூடிவிட்டது. அன்றே நீலம் முதல் படி ஏறியது. ஏரியிலிருந்து மிகுநீர் ஒரு சொட்டுகூட வெளியேறவில்லை. அதிகாரிகள் வந்து, அடைப்பு ஏதுமில்லை என்று சொல்லிப் போனார்கள். போதகர் வந்து ஜெபித்தார். அவர் ஆமென் சொல்லும்வரை நீலம் மரியாதையாகக் காத்திருந்து, பிறகு ஏறியது. ஜோவிதாவின் கணவன் ஆஸ்டின் கோட்டைச் சுரண்டிப் பார்த்தான். கத்தியை விலக்கியதும் சிவப்பு மறுபடி கூடிக்கொண்டது. அது அவள் கைக்கு மட்டுமே திறக்கும் என்பதும், திறந்த பக்கமாக அத்தனை தண்ணீரும் ஒரே மூச்சில் போகும் என்பதும் தெருவுக்குப் புரிய அதிக காலம் ஆகவில்லை. கிழக்கே செல்லியம்மாள் இருக்கும் வரிசை. மேற்கே பொன்னுரங்கம் தன் குடும்பத்து வயல்களை மனையாக விற்ற இந்த நகர். மற்ற பக்கமெல்லாம் மேடு.

நீலம் கடைசிப் படிக்கு வந்த அன்று பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். வாசலில் கணுக்காலளவு தண்ணீர். சோபாவில் உட்கார்ந்து, மேசைமேலிருந்த கத்தியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“அந்தப் பழைய மூலையிலயே கீறி வுட்டுடும்மா. அவங்கல்லாம் பொறம்போக்குல இருக்கறவங்க. கவர்மென்ட்டு வேற எடம் குடுக்கும். நம்மளுது பட்டா.”

“நம்ம வீடு ஜோவி,” என்றான் ஆஸ்டின். “ரெண்டு நாள்ல கட்டில் முழுகிடும்.”

கீறிவிடலாம் என்ற எண்ணம் தனக்குள் இல்லையென்று அவளால் சொல்ல முடியவில்லை. இருந்தது, காலையிலிருந்தே, சட்டியைக் கழுவும்போதும் துணியை மடிக்கும்போதும் கூடவே இருந்தது. சேத்துவுடு என்ற குரலும் கூடவே இருந்தது. கத்தியை வாங்கி, புடவைத் தலைப்பில் துடைத்து, இழுப்பறைக்குள் வைத்து மூடினாள்.

“மாட்டேன் சார்.”

ஹாலுக்குள் தண்ணீர் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. அவர் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஒரு ஸ்டூலை நகர்த்திக் கொடுத்துவிட்டு, அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றப் போனாள்.