வெண்பாறைத் திட்டுகள்

எங்கள் ஆபீசில் மலைக்குப் பதினோரு நிறம். அடர்ந்த காடு கரும்பச்சை, புதர் வெளிர்பச்சை, பயிர் மஞ்சள், வீடு சிவப்பு, வெற்றுப் பாறை சாம்பல். செயற்கைக்கோள் எடுத்த படத்தைப் பார்த்து கம்ப்யூட்டர் முதலில் தானே நிறம் பூசிவிடும். மலை என்றால் அது பாதி உளறும். நிழலைக் குளம் என்னும், ஈரப் பாறையைக் காடு என்னும். அதனால் அதன்மேல் பழைய மேப்புகளை, மண்ணுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, சரிவுக்கு ஒன்று என்று கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கி, ஒத்துப்போகாத இடங்களைக் கையால் திருத்த வேண்டும். அந்தக் கை என்னுடையது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவளுக்கு மௌஸ் பிடிக்கத் தெரிந்தால் போதாதா என்று, ஆபீஸ் ஜீப் ஓட்டும் சித்தப்பாதான் கெஞ்சிக் கூத்தாடிச் சேர்த்துவிட்டார்.

திருத்துவதற்கு ஒரு விதித் தாள் உண்டு. அதில் ஏழாவது விதி: நிழலில் ஒன்றும் தெரியாவிட்டால் பழைய மேப் சொல்வதை எடுத்துக்கொள். அந்த விதியை வைத்து எத்தனையோ மலைகளை முடித்திருக்கிறேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் எனக்கு அதன்மேல் ஒரு குறையும் இல்லை.

அன்றைக்கு வந்தது ஒரு மேற்குச் சரிவு. செயற்கைக்கோள் எப்போதும் காலை பத்தரைக்குத்தான் கடக்கும். அந்த நேரத்தில் வெயில் முகட்டைத் தாண்டியிருக்காது, அதனால் சரிவு முழுக்க மை கொட்டினது போல இருந்தது. கீழே ஓடை வளைந்து திரும்பும் இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. அந்த ஓடையில் நான் கால் நனைத்திருக்கிறேன். அந்தக் கறுப்புக்குள்தான் அக்கா குடித்தனம் நடத்துகிறாள். அவளையும் சேர்த்து நாற்பத்தோரு வீடு. கீழே அணை கட்டியபோது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்களை அங்கே ஏற்றிவிட்டார்கள். மேப்போ முப்பது வருஷத்துக்கு முந்தையது. வெற்றுப் பாறை என்றது அது.

சாம்பல் பூசின இடமெல்லாம் குவாரிக்கு ஏலம் போகும். மேப் கேட்டவர்கள் அதற்காகத்தான் கேட்டார்கள். சிவப்பு இருந்தால் தொடமாட்டார்கள்.

மேலாளரை நாங்கள் தொண்ணூறு சார் என்போம். நூற்றுக்குத் தொண்ணூறு சரியாக இருந்தால்தான் மேப்பை வாங்கிக்கொள்வார்கள், அதனால் அவர் வாயில் வேறு எண்ணே வராது. வாய் திறந்து பேசுவது எனக்கு மலை ஏறுவதைவிடக் கஷ்டம். மூன்று தடவை தண்ணீர் குடிக்கப் போவதுபோல அவர் மேஜையைச் சுற்றிவிட்டு, நான்காவது தடவை நின்றேன்.

"என்னம்மா, தொட்டியே காலியாயிடும் போலிருக்கே?"

"சார், இங்க வீடு இருக்கு."

"எங்க?"

"இந்த நிழல்ல."

"படத்துல தெரியுதா?"

"இல்ல சார்."

"மேப்புல?"

"அதுலயும் இல்ல."

"அப்புறம் எங்கதான் இருக்கு?"

"எங்க அக்கா அங்கதான் இருக்கா சார்."

"அப்ப அக்காவையும் ஒரு லேயரா சேத்துடலாமா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன், அழுவதைவிட அது சுலபம். அவர் கெட்டவர் இல்லை. தாள் ஒன்றைப் புரட்டினார். நேரில் போய்ச் சரிபார்த்த இடங்கள் நூற்றுப் பத்தொன்பது. அதில் மேப்பும் நேரில் கண்டதும் ஒத்துப்போனது நூற்றேழு. தொண்ணூறுக்கு ஒரு இழை குறைகிறது என்று காலையிலிருந்து அவர் முகம் சுண்டிப்போயிருந்தது.

"சரி, நூத்திருபதாவதா இதைப் போடு. வியாழக்கிழமை சர்வேயர் போகட்டும். வீடுன்னு எழுதிட்டு வந்தா சிவப்பு. அதுக்கு மேல எங்கிட்ட பேசக்கூடாது."

எனக்கு இறக்கை முளைத்தது. சாயங்காலமே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ஜீப் வருதா? எங்க மேட்டுக்கா? போடி, பொய் சொல்லாதே. ரேஷன் வண்டியே கீழே நின்னுட்டுப் போயிடுது."

"நிஜமாதான்க்கா. சித்தப்பாதான் ஓட்டிட்டு வர்றார். நல்லா தெரியற மாதிரி ஏதாவது பண்ணி வை. உங்க தகரக் கூரையெல்லாம் துருப்பிடிச்சு பாறை கலர்லயே இருக்கு."

"தெரியற மாதிரின்னா? நான் என்ன, மலை மேல நின்னு டான்ஸ் ஆடவா?"

"வெள்ளையா எதையாவது விரிச்சு வையேன்."

சொன்னது நான்தான். அதை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

வெள்ளிக்கிழமை படிவம் வந்தது. நூற்றிருபதாவது இடம்: வெற்றுப் பாறை. குடியிருப்பு இல்லை. குறிப்பு: சரிவில் ஆங்காங்கே வெண்பாறைத் திட்டுகள், நல்ல தரமாக இருக்கலாம். அடியில் இரண்டு கையெழுத்து. ஒன்று சர்வேயருடையது. இன்னொன்று சித்தப்பாவுடையது.

ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் ஓடினேன்.

"சித்தப்பா, நீங்க மேல போகவே இல்லையா?"

அவர் துணியைப் பிழிந்தார். அதில் பிழிய ஒன்றும் இல்லை.

"ஓடைப் பாலத்துல பலகை போயிடுச்சும்மா. அந்தாளு புது ஷூ போட்டிருந்தாரு. எதிர் ரோட்டுல நின்னு பைனாகுலர்ல பாத்தாரு. காலையில பத்து மணி, ஒரே இருட்டு. நான் சொன்னேன், வீடு இருக்கு சார்னு. எனக்கு வெள்ளைக் கல்லுதான் தெரியுதுன்னாரு."

"அது அக்கா விரிச்ச பெட்ஷீட் சித்தப்பா!"

"அது எனக்குத் தெரியாதா? ஒண்ணு அவ கல்யாணத்துக்கு நான் வாங்கிக் குடுத்ததுதானே."

"தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க?"

"ரெண்டு கையெழுத்து வேணும்னாரு. போடலைன்னா நாளைக்கு வண்டிச் சாவியை வேற யார் கையிலயாவது குடுத்துடுவாங்க. நீ சின்னப் பொண்ணு, உனக்குப் புரியாது."

புரிந்தது. அதுதான் தொல்லை.

படிவத்தை எடுத்துக்கொண்டு நேராகத் தொண்ணூறு சாரிடம் போனேன். இந்தத் தடவை தண்ணீர் குடிக்கவில்லை. அவர் போனில் யாரிடமோ, "ஆமா சார், நூத்திருபதுல நூத்தெட்டு. கரெக்டா தொண்ணூறு" என்று சிரித்துக்கொண்டிருந்தார். மேப் பாறை என்றது, படிவமும் பாறை என்றது. ஒத்துப்போய்விட்டது. குறைந்த இழையை நான் கேட்டு வாங்கின இடம்தான் நிரப்பியது.

"வாம்மா. உன் அக்கா புண்ணியத்துல தேறிட்டோம்."

"சார், அது பாறை இல்ல. பெட்ஷீட். வீட்டுக் கூரை மேல விரிச்சிருக்காங்க."

அவர் முகத்தில் சிரிப்பு மெதுவாக வற்றியது. படிவத்தை வாங்கிப் படித்தார். இரண்டாவது கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டு பேர் நேர்ல பாத்ததா எழுதியிருக்காங்க. ஒருத்தர் உன் சித்தப்பா. அவர் பொய்க் கையெழுத்துப் போட்டிருக்கார்னு நீ எழுதிக் குடு. இப்பவே சிவப்பா மாத்தறேன்."

ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். ஜன்னல் வழியே சித்தப்பா தெரிந்தார். துடைத்த கதவையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். சித்தியும் மூன்று பிள்ளைகளும் அந்த ஜீப்பை நம்பித்தான் சாப்பிடுகிறார்கள். எனக்கு இந்த நாற்காலி கிடைத்ததும் அதனால்தான்.

ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினேன். தாளைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினேன்.

"நீயே பூசிடு. உன் கைதான் சுத்தமா வரும்" என்றார்.

சாம்பல் பூசினேன். ஓரம் பிசகாமல், ஒரு கட்டம்கூட வெளியே வழியாமல். நாற்பத்தோரு வீட்டுக்கும் சேர்த்து நான்கு நிமிஷம் ஆனது.

இரண்டு மாதம் அக்காவுக்குப் போன் செய்யவில்லை. அவளே செய்தாள்.

"என்னடி, பெரிய ஆபீசர் ஆயிட்டே, பேசவே மாட்டேங்கிற? கேளு, நாலு பேர் துளை போடற மெஷினைத் தூக்கிட்டு வந்தாங்க. வெள்ளைப் பாறை எங்கம்மா இருக்குன்னு கேட்டாங்க. எனக்கென்ன தெரியும்? வெயில்ல ஏறி வந்திருக்கீங்க, உள்ள வந்து தண்ணி குடிங்கன்னேன். எங்க வீட்டுல உக்காந்து, எங்க சொம்புல குடிச்சிட்டு, மேப்பை விரிச்சு எங்க வீட்டைத் தேடறாங்கடி! இங்க வீடே இல்லையேங்கறாங்க. அப்ப நீங்க உக்காந்திருக்கிறது எதுலன்னு உங்க அத்தான் கேட்டார். சிரிச்சாங்க. நாங்க மேப்பை மாத்த முடியாது, மூணு மாசத்துல வேலை ஆரம்பிச்சிடும்னுட்டுப் போயிட்டாங்க."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அந்த மேப்பு உங்க ஆபீசுலதான் போட்டதாமே? யாரோ கண்ணு தெரியாதவ போட்டிருக்கா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்டி. திரும்ப ஜீப்பை அனுப்பச் சொல்லு."

"சொல்றேன்க்கா."

"அந்த பெட்ஷீட்டையெல்லாம் துவைச்சு மடிச்சு பெட்டியிலதான் வச்சிருக்கேன். என்னைக்கு வர்றாங்கன்னு மட்டும் முன்னாடியே சொல்லிடு. இந்தத் தடவை நாப்பத்தோரு வீட்டுலயும் விரிச்சிடறோம்."