இரண்டாம் மாடி வெண்ணெய்

நூற்றுப் பத்து கிலோவைத் தாண்டியவர் கிரேன் கூண்டில் ஏறக் கூடாது என்பது கம்பெனி விதி. பதினாறு வருடமாக உயரக் கிரேன் ஓட்டியவர், போன பரிசோதனையில் நூற்றுப் பன்னிரண்டு காட்டினார். ஆறு வாரம் கெடு கொடுத்தார்கள். எடை இறங்காவிட்டால் தரையில் நின்று கம்பி கட்டும் வேலைதான். அவர் மனைவிக்கு அது மானப் பிரச்சினை. மேலே உட்காருகிறவரின் வீட்டுக்காரி என்று தெருவில் நிமிர்ந்து நடந்தவள் அவள்.

அன்றைக்கே எண்ணெய் பாட்டிலைக் குப்பையில் போட்டாள். கொழுப்பைத் தின்றால் உடம்பு கொழுக்கும், இதை எந்த டாக்டர் வந்து சொல்ல வேண்டும் என்பது அவள் கட்சி. எல்லாம் ஆவியில் வெந்தது. எண்ணெய் இல்லாத சாப்பாடு உடம்பில் ஒட்டாது என்ற தைரியத்தில் சோற்றையும் உருளைக்கிழங்கையும் மலையாகக் குவித்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் விழுங்கினார். ஞாயிறுதோறும் எடை மெஷினில் நிற்க வைத்துப் பார்த்தால் முள் மேலேதான் போனது. வெளியே எங்கேயோ தின்கிறீர்கள் என்று ஆறு வாரமும் கரித்துக் கொட்டினாள். அவர் தட்டை வழித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

பரிசோதனை நாளன்று அவர் கிளம்பிய பிறகு துணி துவைக்க உட்கார்ந்தாள். வேலைச் சட்டையின் கைமடிப்பில் ஒரு கறை. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. முகர்ந்து பார்த்தாள். வெண்ணெய்! சொட்டு எண்ணெய் இல்லாத வீட்டுக்கு வெண்ணெய் எங்கிருந்து வரும்? இரண்டாம் மாடியிலிருந்துதான் வரும்.

இரண்டாம் மாடியில் இருப்பவள் அவருடைய அக்கா. ஆஸ்பத்திரிச் சமையலறையில் தட்டு அடுக்குகிற வேலை, பேச்சு மட்டும் பெரிய டாக்டர் பேச்சு. தம்பி வேலை முடிந்து மூன்றாம் மாடிக்கு ஏற வேண்டுமானால் அவள் வாசலைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இவள் ஈரக் கையோடு இறங்கிப் போய்க் கதவைத் தள்ளினாள். அடுப்பில் வாணலி, அதில் நாலு முட்டை, சுற்றிலும் வெண்ணெய் உருகிக் கொப்பளித்தது.

"இதத்தான் தெனமும் அவருக்குப் போடுறீங்களா, அண்ணி?"

"ஆமா, போடுறேன். மாவுதான்டி எடைய ஏத்தும். வெண்ணெய், முட்டை, கறி, இதெல்லாம் எடைய எறக்கும். ஆஸ்பத்திரியில எத்தன பேரப் பாத்திருக்கேன்!"

"எங்க பாத்தீங்க, தட்டு அடுக்குற எடத்துலயா? என் புருஷன் வேலைக்கு ஒல வச்சிட்டுப் பேச்சப் பாரு!"

"அவன் எனக்குத் தம்பி ஆனப்புறம்தான்டி உனக்குப் புருஷன்."

அவ்வளவுதான். கல்யாணத்தன்று முறைத்துக்கொண்ட முறைப்பு வரைக்கும் இருவரும் தோண்டி எடுத்தார்கள். முட்டை கருகிப் புகைந்தது. அணைத்தால் தோற்றதாகிவிடும் என்பதுபோல் இரண்டு பேரும் அடுப்பைத் தொடவில்லை. அப்போதுதான் அவர் வாசலில் வந்து நின்றார்.

"நூத்திப் பதினேழு," என்றார்.

"எல்லாம் இவளாலதான்!" என்றாள் அக்கா. "இவங்களாலதான்!" என்றாள் மனைவி.

அவர் உள்ளே வந்து அடுப்பை அணைத்தார்.

"என்ன சாப்பிட்டன்னு டாக்டர் கேட்டாரு. சொன்னேன். சிரிச்சுட்டாரு. எண்ணெயக் கொறச்சாலும் எறங்கும், சோத்தக் கொறச்சாலும் எறங்கும், ஆனா மொத்தத்துல உள்ள போறது கொறையணும்னாரு. நான் இங்க ஒரு பத்தியம், மேல ஒரு பத்தியம்னு ரெண்டையும் சேத்துல்ல தின்னிருக்கேன்!"

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினாள் மனைவி.

"யார்கிட்ட? இங்க சாப்பிடலன்னா அக்கா அழுவா. அங்க மீதி வச்சா நீ அடிக்காத கொறைதான். அந்தக் கூண்டுல ஏறுறது சம்பளத்துக்கு மட்டும்னா நெனச்சீங்க? உங்க ரெண்டு பேர் சத்தமும் கேக்காத எடம் எனக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு. அதுவும் போச்சு. திங்கக்கெழமையிலருந்து கம்பி கட்டப் போறேன்."

சொல்லிவிட்டு இரண்டு பேர் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டார்.

மனைவி மாடியேறி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். கூண்டு போனதுகூடப் போகட்டும். அவளையும் அந்தப் பொம்பளையையும் சேர்த்து, 'உங்க ரெண்டு பேர்' என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டாரே, அதைத்தான் அவளால் தாங்கவே முடியவில்லை.