முன்னும் பின்னும் ஒரே தலை

கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவளுக்கு உச்சந்தலையில் சொட்டை விழக் கூடாது. பிரேம் வாங்க வருகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். அது மூக்கில் சரியாக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்க நான்தான் குனிய வேண்டும். போதாக்குறைக்குச் சுவர் முழுக்க நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் தலை யார் கண்ணிலாவது படும்.

ஒரு நீண்ட காய்ச்சலுக்குப் பிறகு எனக்கு முடி வட்டமாகக் கொட்டியது. “தானா வளரலாம், வளராமலும் போகலாம்” என்றார் தோல் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர். பக்கத்து முடியை இழுத்துப் போட்டு, கிளிப் மாட்டி மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன். தங்கைக்கும் மகளுக்கும் மட்டும்தான் அந்த வட்டத்தைக் காட்டினேன். வீட்டுக்காரருக்குக் காட்டவில்லை, நான் புதுக் கண்ணாடி மாட்டினாலே அந்த மனிதருக்குத் தெரியாது.

தங்கை அழகு நிலையம் வைத்திருக்கிறாள். சின்ன வயதில் ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பின்னறையில் ஒரு குட்டி இயந்திரம் வாங்கிப் போட்டு, கருஞ்சீரகம் ஆட்டி எண்ணெய் எடுத்து விற்க ஆரம்பித்திருந்தாள். “வச்சுப் பாருக்கா” என்றாள். நான் எதையும் லேசில் நம்புகிற ஜாதி இல்லை. அவளும் எடுத்த எடுப்பில் தலையில் கொட்டவில்லை. முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு வைத்து, “நாளைக்கு வரைக்கும் பார்ப்போம். அரிச்சா, சிவந்தா விட்டுரலாம்” என்றாள்.

அரிக்கவில்லை. லென்ஸ் துடைக்கும் திரவம் பட்டுப் பட்டு என் விரல் நுனிகள் வெடித்துக் கிடந்தன. கை கழுவிய ஈரத்தோடு இரண்டு சொட்டு தேய்க்கச் சொன்னாள், வெடிப்பு மூடியது. அதன் பிறகுதான் தலை. தனியாக வைத்தால் காந்தும் என்று தேங்காய் எண்ணெயோடு கலந்து, விரல் நுனியால் மெதுவாகத் தேய்த்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசுவாள். கசப்பும் காரமுமாக ஒரு நெடி, குடலைப் புரட்டும். ஆனால் செதில் உதிர்வது நின்றது. சீப்பில் முடி ஒடிவது குறைந்தது. ஒருநாள் அந்த வட்டத்துக்குள் பூனைமுடி தெரிந்தது. வெள்ளையாக.

எண்ணெயால் வந்ததோ, தானாக வந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம். வாலு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆரம்பத்திலிருந்தே போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். “எவ்வளவு வளருதுன்னு பார்க்கணும்ல, எனக்கு மட்டும்தான்கா” என்றிருந்தாள். அன்றும் ஒன்று எடுத்தாள்.

போன வாரம் எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் டீச்சர் ஒருவர் லென்ஸ் மாற்ற வந்தார். குனிந்து அளவு எடுத்துக்கொண்டிருந்தேன்.

“எண்ணெய் விளம்பரத்துல வர்றது நீங்கதானே?”

“நானா? இல்லையே.”

“பொய் சொல்லாதீங்க. கண்ணாடிக்கு ரெண்டு கலர்ல கால் வச்சுப் போடறவங்க உங்களைத் தவிர யாரு இருக்கா?”

என் கண்ணாடியின் இடது கால் உடைந்தபோது, மீந்து கிடந்த பச்சைக் கால் ஒன்றைப் பழுப்பு பிரேமில் மாட்டிக்கொண்டிருந்தேன். டீச்சர் போனை நீட்டினார். பின்பக்கமிருந்து எடுத்த படம். காது மேல் பச்சைக் கால், உச்சியில் மொட்டை வட்டம். மேலே ‘முன்’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் ‘பின்’. கருகருவென்று அடர்ந்த முடி. கீழே, ‘இரண்டும் ஒரே தலை’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

“இவ்வளவு வளர்ந்துருச்சா? கிளிப்பை எடுங்க, பார்ப்போம்” என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, பாவம். எனக்குத்தான் உடம்பு கூசிப் போயிற்று. கடையில் இருந்த அத்தனை பேரும் என் தலையைப் பார்த்தார்கள்.

நான் அந்த ‘பின்’னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இரட்டைச் சுழி. எத்தனை இழுத்துச் சீவினாலும் வகிடு நிற்காத தலை. குளிப்பாட்டித் துவட்டி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்று நான் கத்திக் கத்திப் பின்னிய தலை. என் மகளுடையது.

நேராக வாலுவிடம் போனேன். பின்னறையில் இயந்திரத்தில் விதையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு மட்டும்தான்னு சொல்லித்தானே எடுத்தே?”

படத்தைப் பார்த்ததும் நெற்றியில் தட்டிக்கொண்டாள். “அய்யோ, கண்ணாடிக் காலைக் கவனிக்கலையே. முகம் தெரியலைன்னுதான் போட்டேன்கா. நாளைக்கே அதை மறைச்சுடறேன்.” அவள் செய்த தப்பு அது ஒன்றுதான் என்பது போலப் பேசினாள்.

“அடுத்த படத்துக்கு ஏன்டி பாப்பா தலை? எனக்குத்தான் வளர்ந்துச்சே. அதையும் நீ எடுத்தியே.”

அவள் நிமிரவில்லை. விதையைக் கையால் தள்ளிவிட்டபடியே சொன்னாள்.

“வெள்ளையால்ல வளர்ந்துச்சு. அதைப் பார்த்து யாருக்கா வாங்குவா?”

அன்றைக்கு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாளே, அந்த அழுகை எனக்காகவா, படத்துக்கு உதவாமல் போனதற்காகவா என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. கேட்காமல் வந்துவிட்டேன்.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“சித்தி உன் தலையைப் படம் எடுத்தாளா?”

“ம்.”

“பக்கத்துல யார் தலையைப் போடப்போறான்னு தெரியுமா உனக்கு?”

தெரியாது என்று சொல்லிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். பொய்யாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

“தெரியும்மா. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு சித்தி சொல்ல வேணாம்னாங்க. யாருக்கும் தெரியாதுன்னுதான்...” மடித்து வைத்த துணியையே உதறி மறுபடி மடித்தாள்.

இரண்டு நாள் நாங்கள் சாப்பிட வா, கதவைச் சாத்து என்பதோடு நிறுத்திக்கொண்டோம். மூன்றாம் நாள் காலை எண்ணெய்ப் புட்டியையும் சீப்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். முக்காலியைத் தன் முன்னால் இழுத்துப் போட்டாள். கண்கள் சிவந்திருந்தன.

“உக்காரும்மா. எண்ணெய் வச்சு விடறேன்.”

எண்ணெய் என்ன பாவம் செய்தது? விரல் வெடிப்பு மூடியது உண்மை. அவள் நான் பெற்ற பிள்ளை, அழுதிருக்கிறாள் என்பதும் உண்மை. உட்கார்ந்தேன். அவளைப் பார்த்தபடி.

“அந்தப் பக்கம் திரும்பும்மா. உச்சி எட்டலை.”

திரும்பத்தான் நினைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை.