ஒரே ஜோடிக் கண்

படங்களை ஆணியடித்து மாட்டி முடித்த நாளிலிருந்து மாஸ்டர் அந்தக் கூடத்தின் நடுவே நடப்பதை விட்டுவிட்டார். வகுப்புக்குப் பிந்தி வந்த பிள்ளையைப் போலச் சுவரை ஒட்டியே போனார். நடுவில் நடந்தால் நான்கு சுவர்களும் அவரைப் பார்த்தன. வெறுமனே பார்க்கவில்லை, எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நிற்பவர்களைப் போலப் பார்த்தன.

இத்தனைக்கும் அவை பேய்ப் படங்கள் அல்ல. சமூகக் கூடத்து வார இறுதி ஓவிய வகுப்புக்கு வருகிறவர்கள் வரைந்த சாதாரண முகங்கள். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். வீட்டிலிருப்பவர்களுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்று அனுப்பிவைக்கப்பட்டவர்கள். பேங்க் மேனேஜராக இருந்தவர் தன் பேரனை வரைந்திருந்தார். பல் டாக்டர் தன் மனைவியை வரைந்திருந்தார். அந்த அம்மாள் வாழ்நாளில் அப்படிச் சிரித்ததில்லை என்றாலும், பல் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் அச்சாக இருந்தது. கூடத்தின் செயலாளர் அம்மாள் தன் நாயை வரைந்திருந்தார்.

மாஸ்டருடைய பாடமுறையில் சிக்கல் ஒன்றும் கிடையாது. விளக்கிச் சொல்ல அவருக்கு வராது. மாணவரின் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். கொஞ்சம் எழுந்திருங்கள் என்பார். உட்கார்ந்திருந்த சூடு ஆறுவதற்குள் அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்து, பிரஷை வாங்கி, கண்களை மட்டும் திருத்துவார். மேல் இமைக்கு ஒரு கோடு, கருமணிக்கு ஒரு தொடல், ஓரத்தில் ஊசிமுனை அளவு வெள்ளை. அதுவரை ஐஸ் பெட்டியில் கிடக்கும் மீனைப் போல விழித்துக்கொண்டிருந்த முகம் சட்டென்று ஆளாகிவிடும். மாஸ்டர் கை பட்டால் உயிர் வந்துவிடுகிறது என்று எல்லாரும் வாயாரச் சொல்லிவிட்டு, கீழே தங்கள் கையெழுத்தைப் போட்டுக்கொள்வார்கள். கையெழுத்தைத் திருத்தித் தரும்படி மட்டும் யாரும் கேட்டதில்லை.

படங்கள் அவரவர் வீட்டில் தனித்தனியாக இருந்தவரை ஒன்றும் தெரியவில்லை. வரிசையாக மாட்டியபோதுதான் வெட்டவெளிச்சமாயிற்று. பேரனுக்கும், பல் டாக்டரின் மனைவிக்கும், நாய்க்கும் ஒரே கண்.

மற்றவர்கள் கவனிக்காமல் இல்லை. செயலாளர் அம்மாள் கவனித்தார், பூரித்தும் போனார். உடனே அதற்கு 'கூட்டுப் பார்வை' என்று பெயர் சூட்டி அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார். அச்சில் வந்துவிட்டால் அப்புறம் அது தவறு ஆகாது என்பது அந்தக் கூடத்தின் வழக்கம்.

கண்காட்சித் திறப்பன்று 'எங்கள் ஆசிரியர்களின் பின்னணியும் கலைப் பயணமும்' என்று ஒரு நிகழ்ச்சியையும் அந்த அம்மாள் சேர்த்திருந்தார். ஆளுக்கு அரைப் பக்கம் கண்காட்சிப் புத்தகத்தில். அப்புறம் மேடையில் கொஞ்ச நேரம் பேச்சு. மண்பாண்டம் சொல்லித்தருகிறவர், 'மண்ணின் அழைப்பைக் கேட்டு அனைத்தையும் துறந்தவர்' ஆனார். துறந்தது இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வேலை. அழைத்ததும் மண் இல்லை. விரல் மரத்துப்போகிறது என்று போனபோது எதையாவது பிசைந்துகொண்டிருங்கள் என்று சொன்ன டாக்டர். நீர்வண்ணம் சொல்லித்தரும் அம்மாள் 'ஒளியோடு வளர்ந்தவர்'. அவருடைய அப்பா பல்பு கடை வைத்திருந்தார்.

மாஸ்டர் மட்டும் எதையும் எழுதித் தரவில்லை. செயலாளர் அம்மாள் விடாமல் துருவியதில், முகம் வரைந்துகொண்டிருந்தேன் என்றார். யாருடைய முகங்கள் என்று கேட்டதற்கு, பேசாதவர்களுடைய முகங்கள் என்றார். அம்மாள் உருகிப்போய், 'மௌனித்த முகங்களோடு நெடுங்காலம் உரையாடியவர்' என்று தன் கைப்படவே எழுதிக்கொண்டார். அதில் பாதி சரி. முகங்கள் மௌனித்தவைதான். உரையாடல்தான் நடக்கவில்லை.

ஒரு போட்டோ ஸ்டூடியோவில் அவர் 'டச்சிங்' ஆள். படங்களில் குறை இருந்தால் பிரஷால் சரிசெய்கிற வேலை. போட்டோ எடுத்துக்கொள்வது அபூர்வமாக இருந்த காலம் அது. ஒருவர் இறந்த பிறகுதான் ஐயோ ஒரு படம்கூட இல்லையே என்று வீட்டுக்கு நினைவு வரும். ஸ்டூடியோ முதலாளி கேமராவோடு ஓடுவார். எடுத்த படம் பெரிதாகி மாஸ்டரின் மேஜைக்கு வரும். அவர் தலையணையை அழிப்பார், தலையை வாரிவிடுவார், சட்டைக்குக் காலர் வைப்பார், கடைசியாகக் கண்களைத் திறந்துவிடுவார். அப்படியே இருக்கிறார் என்று குடும்பமே கதறும். அந்த நேரத்தில் யாரும் கண்ணை ஒத்துப்பார்ப்பதில்லை. அதனால் ஒரே ஜோடிக் கண்ணை வைத்துக்கொண்டு ஊரில் போய்ச் சேர்ந்த அத்தனை பேரையும் அவர் சமாளித்தார். கிழவர், குமரி, குழந்தை எல்லாருக்கும் பொருந்துகிற பொதுக் கண். ஸ்டூடியோ போய்விட்டது, முதலாளியும் போய்விட்டார் (அவருக்கும் அதே கண்தான்). கை மட்டும் எதையும் மறக்கவில்லை.

போன வருடம் அவருடைய மனைவியும் போய்ச் சேர்ந்தாள்.

மகள் வேறு ஊரில் இருந்தாள். போனில் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். "ஊருக்கே வரைஞ்சீங்கல்லப்பா. அம்மாவுக்கு ஒண்ணு வரைங்க." அதற்கப்புறம் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் அவரை அரித்தது.

வீட்டு முன்னறையில் ஸ்டாண்டில் அந்தப் படம் நின்றது. நெற்றி, காதோரத்து நரை, உதட்டுக்குக் கீழே மச்சம் என்று எல்லாம் வந்துவிட்டது. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளைத் துவாரம். பார்த்து வரையலாம் என்றால் அவளுடைய எந்தப் போட்டோவிலும் திறந்த கண் இல்லை. ஸ்டூடியோக்காரன் பெண்டாட்டிக்கு பிளாஷ் ஆகாது என்று சொந்தக்காரர்கள் மத்தியில் அது பழைய கேலி. ஊரார் தலையில் கட்டிய பொதுக் கண்ணை இவளுக்கும் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. சொந்தக் கண்ணை நினைவிலிருந்து எடுக்கலாம் என்று தினமும் காலையில் ஸ்டாண்டின் எதிரே உட்காருவார். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தால் முதுகுதான் வரும். அடுப்படியில் நிற்கிற முதுகு. குழாயடியில் குனிந்த முதுகு. தெருவில் அவருக்கு முன்னால் போகிற முதுகு. இத்தனை வருடக் குடும்பத்தில் அவளை முன்பக்கமிருந்து பார்த்ததே இல்லையோ என்று ஒரு நாள் சந்தேகம் வந்தது. அந்தக் கண் கிடைக்காவிட்டால் அவள் இன்னொரு முறை செத்தமாதிரி என்று நினைத்துக்கொள்வார். பிரஷை எடுப்பார், நனைக்காமலே வைத்துவிடுவார்.

திறப்பு விழாவுக்கு மனைவியின் தங்கை வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். படிக்கிற காலத்தில் இவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றி நிமிர்ந்தவள், யாரோ நெஞ்சில் கைவைத்துத் தடுத்தாற்போல் அங்கேயே நின்றுவிட்டாள். பிறகு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வார்டில் படுக்கை படுக்கையாகப் போகிற நடை. நாய்ப் படத்துக்கு எதிரே வந்ததும் அதற்கு மேல் நகரவில்லை. மாஸ்டர் சுவரோரமாகவே போய் அவளிடம் சேர்ந்தார்.

"நாயைக்கூட விட்டுவைக்கலையா மாமா?"

"எதைச் சொல்ற?"

"அக்கா கண்ணைத்தான்."

மாஸ்டர் சிரித்தார். அது ஸ்டூடியோக் கண், பொதுக் கண், தொழிலில் எல்லாரும் அப்படி ஒன்று வைத்திருப்பார்கள் என்று விளக்கினார். அவள் முழுவதும் சொல்லவிட்டாள். பிடிவாதக்கார நோயாளிகளை அப்படித்தான் விடுவாள்போல.

"பொதுக் கண்ணு இல்ல மாமா. அன்னிக்கு விளக்கு பிடிச்சவ நான்தான்."

அவள் சொல்லச் சொல்ல அவருக்கு அந்த அறை திரும்பி வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிது. முதல் முதலாகக் கண் திறக்க வேண்டிய படம், அடுத்த தெரு தச்சரின் மனைவியுடையது. ஸ்டூடியோவில் கை ஓடாமல் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். அன்றைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல். முந்தின இரவெல்லாம் தூங்காமல் அதைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த மனைவியைப் பிடித்து எதிரே உட்காரவைத்தார். கொழுந்தியாளை விளக்கைக் கன்னத்தோரம் பிடிக்கச் சொன்னார். டாக்டரைக் கூட்டிவாருங்கள் என்று மனைவி கேட்டாள். இதோ, இதோ, அசையாதே என்றபடி வரைந்தார். முடித்துவிட்டுத்தான் டாக்டரிடம் போனார். குழந்தை பிழைத்துக்கொண்டது. படமும் பிழைத்துக்கொண்டது. அவள் கேட்டுவிட்டுக் காத்திருந்த அந்தப் பார்வை அவர் கையிலேயே தங்கிவிட்டது.

கொஞ்ச நாள் கழித்து அக்கா தச்சர் வீட்டுக்கு ஏதோ வேலையாகப் போனாளாம். சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவள் அன்று சாப்பிடவில்லையாம். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலோடு பேசிவிட்டு வந்துவிடுவாளாம். வாசலோடு திரும்புவாள் என்பது மட்டும் மாஸ்டருக்குத் தெரியும். கர்வம் பிடித்தவள் என்று ஊரில் பேசிக்கொண்டதையும், அவரும் அதற்குத் தலையாட்டியதையும் நினைத்துக்கொண்டார்.

"எல்லா வீட்டுச் செவுத்துலயும் நான் செத்துத் தொங்குறேன்டின்னு சொன்னா" என்றாள் நர்ஸ். "அதுலேருந்துதான் போட்டோன்னா கண்ணை மூடிக்குவா. இருக்கற கண்ணும் போயிடப் போகுதுன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னாளாம் மாமா, என் கண்ணை வெக்காதீங்கன்னு. டச்சிங்ல பாத்துக்கலாம்னு சொன்னீங்களாம்."

அப்போது மைக்கில் அவரை அழைத்தார்கள்.

மண்பாண்டக்காரர் அப்போதுதான் பேசி முடித்திருந்தார். மண்ணும் மனிதனும் ஒன்று என்று அவர் நிறுவியதில் கூட்டம் பாதி உறக்கத்தில் இருந்தது. மாஸ்டர் மைக் முன்னால் நின்று சுவர்களைப் பார்த்தார். அவையும் பார்த்தன. வழக்கமாக இந்த இடத்தில் அவர் தலையைக் குனிந்துகொள்வார். இன்று குனியவில்லை.

"நான் போட்டோ ஸ்டூடியோல வேலை பாத்தவன். செத்தவங்க படத்துக்குக் கண்ணு வரைவேன். எல்லாருக்கும் என் பொண்டாட்டி கண்ணை வெச்சேன். அவ வேணாம்னு சொன்னா. எனக்குக் காதுல ஏறல. இங்க இருக்கறதும் அவ கண்ணுதான். எல்லாத்தையும் இறக்கிடணும்."

கைதட்டல் கூரை ஓடுகளைப் பெயர்த்தது. செயலாளர் அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு ஆழமான உருவகம் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பேங்க்காரர், கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன் என்றார். இத்தனை நாள் இதை மனதில் வைத்துக்கொண்டா ஒன்றும் எழுதித் தராமல் இருந்தார் என்று மண்பாண்டக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது.

மாஸ்டர் மேடையிலிருந்து இறங்கி நேரே போய் நாய்ப் படத்தை ஆணியிலிருந்து தூக்கினார். செயலாளர் அம்மாள் ஓடிவந்து மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், இது என் படம். கீழ பாருங்க, என் கையெழுத்து."

பார்த்தார். கையெழுத்து அந்த அம்மாளுடையதுதான். ஒவ்வொரு படத்திலும் வேறு யாரோ ஒருவருடைய கையெழுத்து இருந்தது. அவர் வரைந்த கண்களில் அவருக்குச் சொந்தமாக ஒன்றுகூட அந்தக் கூடத்தில் இல்லை. படம் ஆணிக்குத் திரும்பியது. கொஞ்சம் கோணலாக மாட்டியதால் நாய் தலையைச் சாய்த்துக்கொண்டு அவரைக் கேட்பதுபோல் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது முன்னறையில் இன்னும் வெயில் இருந்தது. அலமாரியிலிருந்து போட்டோ எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பினார். பழைய டச்சிங் லென்ஸைத் தேடிக் கண்டுபிடித்துக் கண்ணில் வைத்துக்கொண்டார். பிளாஷுக்குத் தானாக மூடுகிற இமை தளர்ந்து விழும். கீழே நூல் அளவு வெள்ளை தெரியும். இறந்தவருடைய இமை அசைவற்ற துணி மாதிரி படிந்து கிடக்கும். இரண்டையும் ஆயிரம் தடவை பார்த்தவர் அவர். அவளுடைய இமை இரண்டிலும் சேரவில்லை. ஓரங்களில் மூன்று சுருக்கம் விழும்படி, பல்லைக் கடித்துக்கொள்வதைப் போல, இறுக்கி மூடியிருந்தாள். கல்யாணமான புதிதில் எடுத்த படத்தில் மட்டும் அந்தச் சுருக்கம் இல்லை. அதில் அவள் தலைகுனிந்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண் தெரியவில்லை. மற்ற எல்லாவற்றிலும் சுருக்கம். எல்லாப் படத்தையும் அவரேதான் எடுத்திருந்தார். எடுத்ததும், 'மறுபடியும் மூடிட்டியா' என்று அவரே சிரித்தும் இருந்தார்.

ஸ்டாண்டின் எதிரே உட்கார்ந்தார். மூடியதைத் திறந்தே பழகிய கை. பிரஷை வைத்ததும் மேல் இமைக் கோட்டை இழுத்து, கருமணிக்கு இறங்கப் பார்த்தது. துணியால் துடைத்தார். மறுபடி இறங்கியது. மறுபடி துடைத்தார். மாணவர் முதுகுக்குப் பின்னால் நிற்பதைப் போலத் தன் கைக்குப் பின்னால் தானே நின்றுகொண்டு, ஒரு சுருக்கம், அப்புறம் இன்னொன்று, என்று மெல்ல மெல்லப் போட்டார். வெயில் சுவரில் ஏறி நின்றபோது வெள்ளைத் துவாரங்கள் இரண்டும் மூடியிருந்தன.

இனி ஒரு படமாவது தன்னைப் பார்க்காது என்று நிமிர்ந்தார். படம் பார்க்கவில்லைதான். ஆனால் அவள் தூங்கவும் இல்லை, போய்விடவும் இல்லை. இறுக்கிய இமைகளுக்குப் பின்னால் முழு விழிப்போடு இருந்தாள். நாற்காலி கிரீச்சிட்டபோது அந்தச் சுருக்கம் இன்னும் கொஞ்சம் இறுகியதுபோல் இருந்தது. கையில் பிரஷோடு அவர் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை அவள் திறக்கப்போவதில்லை.

மாஸ்டர் பிரஷைக் கழுவாமல் வைத்தார். சத்தமில்லாமல் எழுந்து, முதுகைப் படத்துக்குக் காட்டியபடியே நடந்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே தெருவில் வந்து நின்றார்.